ஆயுள் முழுக்கவா? யாருடைய ஆயுள்?



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், காதல் இருக்கும், ‘நட்பு என்பது...’ என்று தொடங்கி மூன்று பக்கம் இருக்கும். எனக்குக் கவிதை வராது. ஆகவே இந்தப் பக்கங்களில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்!

விஷயம் இதுதான். ஆட்டோமேட்டிக் கார்களின் கியர் பாக்ஸ் ஆயிலை, அதாவது ஏ.டி.எஃப். என்று நாம் பாடத்தில் படிக்கிற அந்தச் சிவப்பு ஆயிலை, வீட்டு முற்றத்தில் வைத்து மாற்றலாமா, கூடாதா? மாற்றலாம் என்பது என் கட்சி. அதோடு விடவில்லை. டிப்ளமோ கையில் வாங்கப் போகிற நாம் ஒவ்வொருவரும் அதை மாற்றத் தெரிந்தே ஆகணும் என்பதும் என் கட்சி. ‘இவன் யாருடே, கம்பெனிக்காரனைவிடப் பெரிய ஆளு?’ என்று கேட்கிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ரோட்டில் என்ன ஓடுகிறது?

ஒரு காலத்தில் ஆட்டோமேட்டிக் கார் என்றால் பெரிய வீட்டு முற்றத்தில் மட்டும்தான் நிற்கும். 2014-ல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. கியர் பாக்ஸ் வந்தது. அதற்குப் பிறகு சின்னக் கார்களிலும் கிளட்ச் பெடல் காணாமல் போக ஆரம்பித்தது. இன்றைக்கு சாயங்காலம் வடசேரியில் இருந்து கோட்டாறுக்குப் போகிற வரிசையில் நின்று பாருங்கள். இடது காலைச் சும்மா வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியும்.

இவர்கள் எல்லோரும் சொகுசுக்காக வாங்கியவர்கள் என்று நினைக்காதீர்கள். முழங்கால் ஆபரேஷன் ஆனவர்கள் இருக்கிறார்கள். இடது காலில் பலம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வயதுக்குமேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட அம்மாமார் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஆட்டோமேட்டிக் இல்லை என்றால் வண்டியே இல்லை.

புது வண்டி வாங்கியவர் ஐந்தாறு வருஷத்தில் விற்றுவிடுவார். வாரண்டி முடிந்திருக்கும். அந்த வண்டியை வாங்குகிறவர் யார்? டாக்சி ஓட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், ரப்பர் பால் வெட்டிப் பணம் சேர்த்தவர். கியர் பாக்ஸ் போனால் அதை மாற்றுகிற செலவு, அவர் வண்டி வாங்கிய விலையில் பாதியைத் தின்றுவிடும். அந்தக் கியர் பாக்ஸின் உயிர் எதில் இருக்கிறது? உள்ளே இருக்கிற ஆயிலில்.

அந்த ஆயிலைப் பற்றி அவருக்குச் சொல்லப்படுவது என்ன? ‘இது லைஃப் டைம் ஃபில், ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம்!’

யாருடைய ஆயுள்? வண்டியின் ஆயுளா? முதல் முதலாளி வைத்திருக்கிற வரையிலா? வாரண்டியின் ஆயுளா? இந்த ஒரு கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டும்.

வழுக்கவும் வேணும், பிடிக்கவும் வேணும்

டார்க் கன்வெர்ட்டரைப் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியவர்கள் நாம். இம்பெல்லர், டர்பைன், ஸ்டேட்டர். ஒரு ஃபேன் காற்றை அடித்தால் எதிரே இருக்கிற ஃபேன் சுற்றுகிற மாதிரி, எஞ்சினோடு சுற்றுகிற இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது. அந்த ஆயில் டர்பைனைச் சுற்றுகிறது. இந்த யோசனைக்கு 1905-ல் காப்புரிமை வாங்கியவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர். அவர் யோசித்தது காருக்காக இல்லை, கப்பலுக்காக! நீராவி டர்பைன் அதி வேகமாகச் சுற்றும், கப்பலின் புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றணும். இடையில் ஆயிலையோ தண்ணீரையோ வைத்து வேகத்தைக் குறைக்க முடியுமா என்று பார்த்தார். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ‘ஹைட்ராமேட்டிக்’ என்ற பெயரில், ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக, முழு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதிலும் பல்சக்கரங்களுக்கு முன்னால் நின்று சக்தியைக் கடத்தியது ஆயில்தான்.

ஆக, இந்த ஆயில் செய்கிற வேலை ஒன்றல்ல, நான்கு. எஞ்சினின் சக்தியைக் கடத்துகிறது. வால்வு பாடியில் பிரஷராக நின்று, எந்த கிளட்ச் பிடிக்கணும், எது விடணும் என்ற உத்தரவைக் கொண்டுபோகிறது. பல்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் வழுவழுப்புத் தருகிறது. உள்ளே பிறக்கிற சூட்டை கூலருக்கு எடுத்துப் போகிறது. எஞ்சின் ஆயிலில் தேய்மானம் குறைய வழுக்கினால் போதும். இந்த ஆயில் வழுக்கவும் வேணும், கிளட்ச் தட்டுகளுக்கு நடுவில் சரியான அளவுக்குப் பிடிக்கவும் வேணும். ஒரே ஆயிலில் இரண்டு குணம்!

அந்தப் பிடிமானக் குணத்துக்காக ஒரு காலத்தில் எதைக் கலந்தார்கள் தெரியுமா? திமிங்கல எண்ணெய். அம்பர்கிரிஸ் கடத்தியவர்கள் கைது என்று நம்ம பக்கத்துப் பேப்பரில் அடிக்கடி வருமே, அதைத் தருகிற அதே ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்து, எண்ணெய் இறக்குமதியையும் நிறுத்தியது. மாற்று ரசாயனங்களைக் கண்டுபிடிக்க ஆயில் கம்பெனிகள் திண்டாடின. இன்று அந்த வேலையைச் செயற்கை ரசாயனங்கள் செய்கின்றன. ரசாயனம் என்றால் சூட்டில் கெடும், வயதாகும், தீரும். ஆயுள் முழுக்க நிற்கிற ரசாயனம் எது? நம் கெமிஸ்ட்ரி சாரையே கேட்டுப் பாருங்கள்.

சூடுதான் எமன்

வேகமாக ஓடுகிற வண்டியைவிட நின்று நின்று ஊருகிற வண்டியில்தான் டார்க் கன்வெர்ட்டர் அதிகம் சூடாகும். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே, திங்கள்நகரில் சந்தை நாளில், ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பேச்சிப்பாறை, காளிகேசம் என்று மலைப் பக்கம் ஏற்றம். மேலே பங்குனி வெயில். நிறைய கார்களின் கையேட்டில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் ‘கடுமையான உபயோகம்’ என்று ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள். நெரிசல், மலை ஏற்றம், அதிக வெப்பம், டாக்சி ஓட்டம், பாரம் இழுப்பது என்று. வாசித்துப் பாருங்கள். அங்கே ‘கடுமையான’ என்று எழுதியிருப்பது நம்ம ஊரில் சாதாரண நாளாக்கும்!

கியர் பாக்ஸ் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனி, தன் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. அதே கியர் பாக்ஸைப் போட்டு விற்கிற கார் கம்பெனிகள் சில, ‘ஆயுள் முழுக்க’ என்றன. செய்கிறவன் மாற்று என்கிறான். விற்கிறவன் வேண்டாம் என்கிறான். யாரை நம்புவது? எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்க மாமா வண்டி

எங்கள் மாமா ஒருவர் திட்டுவிளைப் பக்கம் இருக்கிறார். வெளிநாட்டில் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டு வந்தவர். இடது முழங்காலில் ஆபரேஷன். எட்டு வருஷம் ஓடிய ஆறு கியர் ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கினார். 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ‘டி’-யில் போட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். இரண்டாவது கியரில் இருந்து மூன்றாவதுக்கு மாறும்போது ஒரு உதறு.

ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினார். ‘ஆயில் மாற்ற எங்க அட்டவணையிலேயே இல்லை சார். தொந்தரவு கூடினா கியர் பாக்ஸை மாத்திரலாம்’ என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல். தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கேட்டார். ‘அதுல கை வச்சா போச்சு அண்ணாச்சி, ஓடுற வரைக்கும் ஓட்டுங்க’ என்றார். ஒருத்தர் மாற்றாதே, தூக்கி எறி என்கிறார். இன்னொருத்தர் தொடாதே, சாகவிடு என்கிறார். நடுவில் ஆயிலை மாற்றிப் பார்ப்போம் என்று சொல்ல ஆளில்லை!

‘எலேய், மூணு வருஷமா என்னத்தலே படிக்கே? ஒனக்குத் தெரியாதா?’ என்று மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்.

நானும் நம் வகுப்பு நண்பர்கள் இருவரும் அந்த மாடலின் ஒர்க் ஷாப் மானுவலைத் தேடிப் படித்தோம். எந்த ஆயில், எத்தனை லிட்டர், எந்த பிளக், எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கு, எந்தச் சூட்டில் லெவல் பார்க்கணும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். முற்றத்தில் சமமான சிமெண்ட் தரை இருந்தது. அன்று இறங்கியது 3.4 லிட்டர். சிவப்பாக இருக்க வேண்டியது கட்டன் காப்பி மாதிரி இருந்தது. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை. துண்டு துண்டாக இரும்பு எதுவும் இல்லை. ‘பயப்படாண்டாம் மாமா, உள்ளே எதுவும் உடையல்ல’ என்று சொன்னோம்.

ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று தடவை மாற்றினோம். உதறு நின்றது. ‘டி’-யில் போடும்போது வருகிற தாமதம் குறைந்தது, முழுவதும் போகவில்லை. தேய்ந்த கிளட்ச் தட்டுக்கு ஆயில் மருந்து ஆகாது. ஆனால் வண்டி ஓடுகிறது, மாமா ஓட்டுகிறார். மூன்று தடவைக்கும் ஆன செலவு அந்த எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

எப்படிச் செய்வது?

இந்த வேலையில் வித்தை எதுவும் இல்லை, ஒழுங்குதான் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எந்த வகைக் கியர் பாக்ஸ் என்று தெரிந்துகொள்ளுங்கள். டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு அதற்கான ஏ.டி.எஃப். சி.வி.டி.-க்கு அதற்கென்று தனி ஆயில். அதில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் இரும்பு பெல்ட் பிடிமானம் இழந்து வழுக்கும், கியர் பாக்ஸே போகும். ஏ.எம்.டி. என்பது மானுவல் கியர் பாக்ஸின் தலையில் ஒரு இயந்திரக் கையை வைத்தது. உள்ளே போகிறது சாதாரண கியர் ஆயில்தான். அந்தக் கைக்கு ஹைட்ராலிக் ஆயில் உண்டென்றால் அது தனி. டி.சி.டி.-யில் ஈர கிளட்ச், உலர் கிளட்ச் என்று இரண்டு வகை, ஆயிலும் வேறு வேறு. ‘எல்லாத்துக்கும் போடலாம்’ என்று எழுதிய டப்பாவை நம்பாமல் கையேட்டில் போட்டிருக்கிற எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் இளஞ்சூடாக வந்த பிறகு தொடங்குங்கள். கொதிக்கிற சூட்டில் வேண்டாம், கை வெந்துபோகும். நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் முட்டுக் கொடுப்பதும் கூடாது. அது சொல்லிக்கொண்டு உடையாது.

அடுத்தது முக்கியம். ஆயில் ஊற்றுகிற பிளக்கை முதலில் திறந்து பாருங்கள். அது திறந்த பிறகுதான் ஆயில் இறங்குகிற பிளக்கில் கை வைக்க வேண்டும். கீழே திறந்து எல்லாம் இறங்கிய பிறகு மேலே பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால், வண்டி முற்றத்தில் தவம் கிடக்கும்!

இறங்கிய ஆயிலை அளவுப் பாத்திரத்தில் அளந்து எழுதுங்கள். நிறம் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டு எரிந்திருக்கிறது. காந்தத்தில் பசை இருந்தால் இயல்பு, இரும்புச் சில்லு இருந்தால் ஆபத்து. ஆயில் பானும் ஃபில்டரும் கழற்றுகிற மாதிரி இருந்தால் மாற்றுங்கள். பிளக்குக்குப் புது வாஷர் போட்டு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். ‘நல்லா இறுக்கிட்டேன்’ என்பது அளவு கிடையாது. அலுமினியம் மரை பிய்ந்துவிடும்.

எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு ஊற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்துங்கள். கடைசியில் லெவல். டிப் ஸ்டிக் இருந்தால் சுலபம். இல்லாத வண்டியில், ஸ்கேனரில் ஆயிலின் சூட்டைப் பார்த்து, கம்பெனி சொன்ன டிகிரியில் லெவல் பிளக்கைத் திறக்க வேண்டும். சில வண்டிக்கு 35 முதல் 45 டிகிரி, சிலவற்றுக்கு 50 முதல் 60 டிகிரி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய நூல் மாதிரி ஒழுகிச் சொட்டத் தொடங்கினால் சரி. கூடிப்போனால் நுரைக்கும், குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். இரண்டிலும் பிரஷர் போகும்.

ஒரு சின்னக் கணக்கு. கியர் பாக்ஸின் மொத்தக் கொள்ளளவு 7 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைத் திறந்தால் இறங்குவது 3.5 லிட்டர், மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் நிற்கும். ஒரு தடவை மாற்றினால் உள்ளே புது ஆயில் 50 சதவீதம். இரண்டாம் தடவை 75. மூன்றாம் தடவை 87.5. மெஷின் வைத்து அழுத்தி மொத்தத்தையும் ஒரே மூச்சில் வெளியேற்றாமல், பழைய வண்டிக்கு இப்படிப் பையப் பைய மாற்றுவதே எனக்குப் பிடித்த வழி. ஒவ்வொரு தடவையும் இறங்குவதைப் பார்த்து அடுத்த முடிவை எடுக்கலாம்.

‘உனக்கெதுக்குடே இந்த வேலை?’

மூன்று எதிர்ப்புகள் வரும். வரட்டும்.

ஒன்று, ‘வாரண்டி போயிரும்லா?’ நியாயமான கேள்வி. வாரண்டி இருக்கிற வண்டியைத் தொடாதீர்கள். கம்பெனியிலேயே கேட்டு மாற்றச் சொல்லுங்கள், பில் வாங்கி வையுங்கள். நான் பேசுவது வாரண்டி முடிந்து, கவனிப்பார் இல்லாமல் ஓடுகிற வண்டிகளைப் பற்றி.

இரண்டு, ‘அதுக்கு கம்பெனி டிரெயினிங் வேணும், நமக்கு அந்த விவரம் கிடைக்காது.’ இங்கேதான் நாம் கொஞ்சம் சட்டமும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகமும் பழுது பார்க்கிற விவரமும் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது என்பது வேறு விஷயம். ஆனால் விவரத்தைப் பூட்டி வைப்பது நுகர்வோருக்கு அநியாயம் என்று ஒரு அரசு ஆணையமே எழுதிவைத்தது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது. அதில் சேர்த்த நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. உள்ளே போக ஆள் வேண்டாமா? கம்பெனி விவரம் தரவில்லை என்று முறையிட முதலில் அந்த விவரம் எதற்கு என்று நமக்குத் தெரிந்திருக்கணும்.

மூன்று, ‘இனி எல்லாம் கரண்டு வண்டி. கியர் பாக்ஸே இருக்காது, இதைப் படிச்சு என்னத்துக்கு?’ கரண்டு வண்டியிலும் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வேகம் குறைக்கிற பல்சக்கரப் பெட்டி இருக்கிறது, அதற்குள் ஆயிலும் இருக்கிறது! அது போக, இன்று ஷோரூமில் இருந்து இறங்குகிற ஆட்டோமேட்டிக் கார் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் நம்ம ரோட்டில் ஓடும். அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் நாம்தானே?

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை நினைத்துக்கொள்ளுங்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழில் தொடங்கியவர். கையில் கிடைத்த இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அவர் முயற்சியால்தான் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் படிப்பே வந்தது. இயந்திரத்தைத் திறக்கப் பயப்படாத ஒருவர் உண்டாக்கிய வழியில் வந்து, பிளக்கைத் திறக்கவே பயந்தால் எப்படி? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் வீட்டுப் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்!

இறங்கிய ஆயில் எங்கே போகும்?

இது எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துகிற விஷயம். வீட்டில் மாற்றலாம் என்று சொல்கிறவன், வீட்டில் இறங்கிய ஆயிலுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நம்ம ஊரில் பழைய ஆயிலைக் கரையானுக்கு மரத்தில் அடிப்பார்கள், சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவார்கள், மிச்சத்தை ஓடையில் கொட்டுவார்கள். ஓடை எங்கே போகிறது? நாஞ்சில் நாட்டில் வாய்க்காலும் குளமும் ஒன்றோடொன்று கைகோத்துக் கிடக்கின்றன. ஒரு ஊரின் மறுகால் அடுத்த ஊரின் குளம். பழையாறு சுசீந்திரத்தைத் தொட்டு மணக்குடியில் கடலில் சேர்கிறது. சுசீந்திரம், தேரூர் குளங்களை 2022-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். வலசை வருகிற பறவைகள் இறங்குகிற இடம். நெல்லுக்கும் அந்தத் தண்ணீர், பறவைக்கும் அந்தத் தண்ணீர். தண்ணீர்மேல் ஆயில் எவ்வளவு மெல்லிசாகப் பரவும் என்று நமக்குத் தெரியும். வயலுக்குப் போகிற வாய்க்காலில் ஒரு வானவில் படலம் மிதந்தால், அதில் பாதி நம்மைப்போல இரண்டு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆளின் கைங்கரியமாக்கும்.

2016-ன் அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் கண்ட இடத்தில் கொட்டுகிற பொருள் இல்லை. 2023-ல் அந்த விதிகளைத் திருத்தி, ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று வைத்தார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சட்டம் முற்றத்துக்கு வந்து எட்டிப் பார்க்காது. இறங்கிய ஆயிலைத் தண்ணீரோ பெட்ரோலோ பிரேக் ஆயிலோ கலக்காமல் மூடியுள்ள கேனில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கிற ஒர்க் ஷாப்பில் சேர்க்க வேண்டும். அதைச் செய்ய மனசில்லாதவர்கள் தயவுசெய்து வீட்டில் ஆயில் மாற்றவே வேண்டாம். இந்த ஒரு இடத்தில் நான் கம்பெனிக்காரர் பக்கம்!

பேரவைக்கு ஒரு விண்ணப்பம்

பேசிக் கைதட்டு வாங்கிப் போவது சுலபம். ஆகவே மூன்று கோரிக்கைகளை எழுத்தில் வைக்கிறேன்.

முதலாவது, நம் ஒர்க் ஷாப்புக்கு ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வேண்டும். விபத்தில் சிக்கி உடைப்புக்குப் போகிற வண்டியில் இருந்து எடுத்தாலும் போதும். டார்க் கன்வெர்ட்டரைப் போர்டில் மட்டும் பார்த்துவிட்டு வெளியே போகிற கடைசி செட் நாங்களாக இருக்கட்டும்.

இரண்டாவது, மாதம் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர் மேற்பார்வையில், வாரண்டி முடிந்த வண்டிகளுக்கு ஆயில் பரிசோதனை நாள். முதலில் நம் ஆசிரியர்கள், ஊழியர்கள் வண்டியிலிருந்து தொடங்கலாம். நிறம், வாடை, அளவு, கிலோமீட்டர் எல்லாம் ஒரு நோட்டில் ஏறட்டும். இரண்டு வருஷம் எழுதினால் நம்ம ஊர் நெரிசலிலும் வெயிலிலும் ஆயில் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று நம்மிடமே கணக்கு இருக்கும். அப்போது ‘ஆயுள் முழுக்க’ என்று யாராவது சொன்னால் நோட்டைத் திறந்து காட்டலாம். ஆட்டோமொபைல் மாணவர்கள் மட்டும் இல்லை, எலெக்ட்ரிக்கல், சிவில் மாணவ மாணவிகளும் வரலாம். ஸ்பேனருக்கு டிபார்ட்மெண்ட் தெரியாது!

மூன்றாவது, பழைய ஆயில் சேகரிக்க மூடியுள்ள ஒரு பீப்பாய். நம் மாணவர்கள் யார் வீட்டில் எந்த ஆயில் மாற்றினாலும், பைக் ஆயிலானாலும், அங்கே கொண்டு வந்து ஊற்றலாம். நிறைந்ததும் முறைப்படி கொடுத்து ரசீது வாங்கிப் பேரவையின் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம்.

மூன்றுமே பெரிய செலவு இல்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரப் போகிறேன். சரி என்று படுகிறவர்கள் அன்றைக்கு வந்து கையைத் தூக்குங்கள், நண்பர்களே. தவறு என்று படுகிறவர்களும் வாங்க; மானுவலையும் கூடக் கொண்டு வாங்க. உட்கார்ந்து பேசுவோம்!

— மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்